பி.ஏ. ஆங்கிலமும் மூன்று லட்சம் கடனும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் அரியக்குடிப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான்: "இங்கிலீஷ் எடுத்தா வேலை கிடைக்குமா?" இது பாதிக் கேள்வி. கடன் வாங்கிப் படிப்பதாக இருந்தால் மீதிப் பாதியையும் கேட்க வேண்டும்: சம்பளம் எப்போ தொடங்கும், தவணை எப்போ தொடங்கும்?

வட்டிக் கணக்கு நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை எழுப்பிய பணத்தில் பெரும்பங்கு பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவியில் வந்தது. பணத்தை எடுத்துக் கொடுக்கும்போதே வரவு எப்போது என்று பார்ப்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. கல்விக் கடனில் நாம் வாங்குகிற பக்கம் நிற்கிறோம், அவ்வளவுதான். கேள்வி மாறவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு மூன்று லட்சம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சும்மா இருக்காது. 10 சதவீதம் என்று வைத்தால், முதல் லட்சத்துக்கு 4 வருஷம், இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 2 வருஷம் தனிவட்டி: மொத்தம் 90,000 ரூபாய். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 3,90,000. பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 5,150. கடைசியில் கட்டி முடிப்பது ஆறு லட்சத்துக்கு மேல்.

இப்போ வரவுப் பக்கம். ஆங்கிலம் படிப்பவர்களில் நிறையப் பேர் மனசில் வைத்திருப்பது ஆசிரியர் வேலை. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400. அதற்கு மேல் அகவிலைப்படி. அந்தச் சம்பளத்தில் 5,150 பெரிய பாரம் இல்லை.

சிக்கல் தேதியில் இருக்கிறது. 2026 ஜூனில் சேரும் பெண் 2029-ல் பி.ஏ. முடிப்பாள். தவணை 2030 நடுவில் தொடங்கும். பி.எட். இரண்டு வருஷம், அதாவது 2031 வரை. அதற்கு அப்புறம் டெட் தேர்வு, பிறகு டி.ஆர்.பி. போட்டித் தேர்வு. ஆக, வங்கி முதல் தவணை கேட்கும் நாளில் அவள் இன்னும் பி.எட். வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அதற்குள் சின்னத் தனியார் வேலை ஒன்றில் 15,000 ரூபாய்க்குச் சேர்ந்தால், மூன்றில் ஒரு பங்கு தவணைக்கே போய்விடும். பி.எட். கனவு அங்கேயே நின்றுபோகும். படிப்பு தப்பு இல்லை. சம்பளம் தாமதமாக வரும் படிப்புக்கு, அவசரப்படும் கடனை வாங்கியதுதான் இடிக்கிறது.

இணையத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம் பற்றி வரும் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மனசில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2023-லிருந்து சேர்ந்த மாணவர்கள், வருஷ வருமானம் 25,000 பவுண்டு என்ற ஆரம்ப வரம்பைத் தாண்டினால்தான், தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்டுகிறார்கள். 40 வருஷத்தில் மீதி தள்ளுபடி. சம்பளம் இல்லாவிட்டால் தவணையும் இல்லை. நம்ம வங்கித் தவணைக்குச் சம்பளம் வந்ததா என்று தெரியாது. அங்கே சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

சரி, அப்போ இங்கிலீஷ் வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. அழகப்பச் செட்டியாரே சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் குடும்பச் சொத்து இருந்தது. அது இல்லாத பிள்ளைகளுக்குத்தான் 1947-ல் அவர் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரி இன்று பயன்படுகிறது. இப்போது அது அழகப்பா அரசு கலைக் கல்லூரி. ஃபீஸ் லட்சத்தில் இல்லை, சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அரியக்குடியிலிருந்து வீட்டுச் சாப்பாட்டோடு போய் வரலாம், ஹாஸ்டல் செலவும் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, பையனுக்குத் தமிழ்ப் புதல்வனில் அதே 1,000 வரும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-லும் வங்கித் தேர்வுகளிலும் பெரும்பாலான பதவிகளுக்குக் கேட்பது 'ஏதாவது ஒரு பட்டம்'. எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய பட்டமும், சில ஆயிரத்தில் வாங்கிய பட்டமும் அந்த விண்ணப்பத்தில் ஒரே கட்டத்தில்தான் எழுதப்படும்.

கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சில விஷயங்கள். மத்திய அரசின் முழு வட்டி மானியம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது, பி.ஏ. ஆங்கிலத்துக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிட முடியுமா என்று பாருங்கள். மேலே சொன்ன கடனில் முதல் வருஷ வட்டி மாதம் 833 ரூபாய்தான். புதுமைப் பெண் பணத்திலேயே கட்டிவிடலாம். இரண்டாம் வருஷம் 1,667, அதற்குப் பின் 2,500. இப்படிக் கட்டி வந்தால் தவணை 5,150-லிருந்து 3,965 ஆகக் குறையும். இதற்காக வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு. பி.எட். சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைப்பார்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் அளவுகோல் இதுதான்: எதிர்பார்க்கும் பெரிய சம்பளத்தை ஓரமாக வையுங்கள். பட்டம் வாங்கிய மறுவருஷம் காரைக்குடியிலேயே கிடைக்கக்கூடிய சாதாரணச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் தவணை அடங்க வேண்டும். 15,000 சம்பளம் என்றால் தவணை 1,500. பத்து வருஷத் தவணைக்கு அது சுமார் 1,13,000 ரூபாய்க் கடன், வட்டியும் சேர்த்து. அதற்கு மேல் கேட்கிற கல்லூரி எவ்வளவு நல்ல கல்லூரியாக இருந்தாலும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு அது விலை அதிகம்.