பெரிய சக்கரமா, சிறிய சக்கரமா?

மாணவர் ஒருவர் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்ள விரும்பினார். ஒவ்வொருவராகப் புறப்பட்டு, குறித்த தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடப்பவரே வெற்றி பெறும் பந்தயம் அது. அவர் வீட்டில் இருப்பது தந்தையின் 28 அங்குலச் சக்கர சைக்கிள். "26 அங்குல சைக்கிள் வாங்கினால் இன்னும் வேகமாகப் போகலாமா, சார்?" என்று கேட்டார். பணத்தைச் செலவழிக்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

28 அங்குலச் சக்கரம் (71 செ.மீ. விட்டம்) ஒரு சுற்றில் 223 செ.மீ. செல்லும், 26 அங்குலச் சக்கரம் (66 செ.மீ.) 207 செ.மீ. செல்லும். ஆனால் நாம் மிதிப்பது பெடலை அல்லவா? முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னதில் 18 பற்களும் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்குப் பெரிய சக்கர சைக்கிள் 5.45 மீட்டர் ஓடும். சிறிய சக்கரத்துக்குப் பின்னால் 17 பற்கள் வைத்தால் 5.36 மீட்டர். ஒரு பல்லைக் குறைத்ததில் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது!

சிறிய சக்கரம் எடை குறைந்தது. எளிதில் வேகம் பிடிக்கும். உண்மைதான். ஆனால் இப்பந்தயத்தில் வேகம் பிடிப்பது பெரும்பாலும் புறப்படும்போது மட்டுமே. ரிம், டயர்களின் எடை 3 கிலோ என்றால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அவற்றின் இயக்க ஆற்றல் சுமார் 300 ஜூல். சிறிய சக்கரத்தால் மிச்சமாவது 20 ஜூல் அளவே. நேரத்தில் இது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு!

அப்படியானால் நம் உழைப்பு எங்கே போகிறது? ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்க. அதே வேகத்தில், நல்ல சாலையில் டயர் உருளுவதற்குச் சுமார் 40 வாட் தேவை. காற்றைப் பிளந்து செல்லவோ 170 வாட்! ஆடி மாதத்தில் மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டிச் சாலையில் சென்றவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 7 கி.மீ. எதிர்க்காற்று வீசினாலே காற்றின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

சக்கரம் சிறிதானால் உருளும் தடை சற்றுக் கூடும். இங்கே 3 வாட் நட்டம். குண்டும் குழியுமான சாலையில் இன்னும் அதிகம். ஆனால் முதுகைத் தாழ்த்திக் காற்றின் தடையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் 17 வாட் லாபம். 1984-இல் மெக்சிகோ நகரில் பிரான்செஸ்கோ மோசர் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது, கம்பிகளில்லாத, தட்டுப் போல் மூடிய சக்கரங்களைப் பயன்படுத்தியதும் காற்றை ஏமாற்றத்தான்.

ஆகவே சக்கரத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் உயரமே. குள்ளமானவருக்குப் பெரிய சக்கரம் ஹேண்டில்பாரை மேலே தள்ளிவிடும்; அவர் குனிய முடியாது. அவருக்குச் சிறிய சக்கரமே நல்லது. உயரமானவருக்குப் பெரியதே போதும். பன்னாட்டு விதிப்படி இரு சக்கரங்களும் ஒரே அளவாக, டயருடன் 55 முதல் 70 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நம் 28 அங்குலச் சக்கரம் இதைச் சற்றே தாண்டுவதால், பந்தயம் நடத்துவோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் மாணவர் நல்ல உயரம். காற்றில்லாத காலையில், வண்டிகள் வராத ஒரு சரிவில் மிதிக்காமல் உருண்டு பார்த்தார்: ஒருமுறை நிமிர்ந்து, ஒருமுறை குனிந்து. குனிந்தபோது எவ்வளவு தூரம் கூடுதலாகச் சென்றது என்பதைக் கண்டதும், புது சைக்கிள் யோசனையைக் கைவிட்டார். நீங்களும் செய்து பாருங்களேன்!