வளர்த்தவரை மிஞ்சிய 'பாட்டி!'

குழந்தைகளே... மீன் தொட்டிக்குள் பூப்போல விரிந்து ஆடுமே, கடல் சாமந்தி... அது செடி அல்ல, விலங்கு! இதழ் போலத் தெரிபவை, கொட்டும் செல்கள் நிறைந்த உணர்கொம்புகள். வெறுங்கையால் தொடக் கூடாது. நடுவில் இருப்பது வாய்.

வாங்க ஆசையா? முதலில், இனத்தை அறியுங்கள். கொம்பின் நுனி, குட்டி பல்பு போல் புடைத்திருந்தால், 'பபுள் டிப்' இனம். பாறை இடுக்கில் ஒட்டி வாழும். குட்டைக் கொம்புகளுடன், கம்பளம் விரித்தது போலிருந்தால், 'கார்பெட்' இனம்.

வெள்ளை வெளேரென்று இருப்பதை, அழகென்று நம்பி விடாதீர்கள். அதன் உடலில் தங்கி, வெளிச்சத்தில் உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகள் போய்விட்டன என்று பொருள். வாய் தொங்கித் திறந்திருந்தாலும், அடிப்பாதம் கிழிந்திருந்தாலும் வாங்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் விட்டால், இறந்துவிடும். பல மாதங்கள் ஓடிப் பழகிய கடல்நீர்த் தொட்டியும், நல்ல வெளிச்சமும் வேண்டும். பிடித்த இடம் தேடி, மெல்ல நகரும், பிய்த்து எடுக்காதீர்கள். மோட்டார் நீரை உறிஞ்சும் இடத்தை ஸ்பாஞ்சால் மூடுங்கள்; இல்லையேல், அதில் சிக்கிவிடும்.

ஸ்காட்லாந்து கடற்கரையில், 1828ல் ஜான் டியெல் என்பவர், ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து, கண்ணாடி ஜாடியில் வளர்த்தார். அவர், 1851ல் காலமானார். 'கிரானி' அதாவது, 'பாட்டி' என்று பெயர் பெற்ற அதுவோ, பலர் கைமாறி, 1887 வரை வாழ்ந்தது!

அத்தனை ஆண்டுகள் நம்மால் பார்த்துக்கொள்ள முடியுமா? யோசியுங்கள். முடியாது என்றால், அது கடலிலேயே இருக்கட்டும்!