சேராத மடல்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டு பேர் பணியாற்றும் அலுவலகம். மூலையில் ஒரு மேசைக்கு அடியில் அந்நிறுவனத்திற்கே உரிய அஞ்சல் சேவையகம். வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஒருவர் கேட்ட விலைப்புள்ளியை எழுத்தர் திங்கட்கிழமை மாலை மின்னஞ்சலில் விடுக்கிறார். திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்னும் சொல் தோன்றுகிறது. புதன்கிழமையும் மறுமொழி இல்லை. வெள்ளியன்று தொலைபேசியில் வினவியபோது, விலைப்புள்ளி வந்து சேரவே இல்லை என்றும், வேறொரு நிறுவனத்திடம் கொள்முதல் முடிவாகிவிட்டது என்றும் விடை கிடைக்கிறது.

‘அனுப்பப்பட்டது’ என்னும் சொல் பொய் உரைக்கவில்லை. ஆனால் அதன் பொருள் மிகச் சிறியது. தெருமுனை அஞ்சற்பெட்டியில் மடலை இடுவது போன்றதே அது. எழுத்தரின் கணினி மடலை மூலையிலிருந்த சேவையகத்திடம் ஒப்படைத்தது என்பதற்கு மேல் அச்சொல் எதையும் உறுதி செய்வதில்லை. அங்கிருந்து கொள்முதலாளரின் சேவையகம் வரையிலான வழியில்தான் மடல்கள் தடைபடுகின்றன.

அவ்வழியை நெறிப்படுத்துவது எஸ்.எம்.டி.பி. எனச் சுருக்கமாக வழங்கும் எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறை. ஜான் போஸ்டல் என்னும் அறிஞர் 1982ஆம் ஆண்டில் இதனை வரையறுத்து வெளியிட்டார். இரண்டு இயந்திரங்களுக்கு இடையே நிகழும் உரையாடல் என்று இதனைக் கூறலாம். அனுப்பும் சேவையகம் முதலில் தன் பெயரைக் கூறி வணங்குகிறது. பின் விடுநர் முகவரியைக் கூறுகிறது. அடுத்துப் பெறுநர் முகவரி. இறுதியாக மடலின் உள்ளடக்கம். ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரிலுள்ள சேவையகம் மூன்று இலக்க எண் ஒன்றால் விடையளிக்கிறது. அவ்வெண்ணின் முதல் இலக்கமே பெரும்பாலும் செய்தியை உணர்த்திவிடும். 2 எனத் தொடங்கினால் ஏற்பு. 4 எனத் தொடங்கினால் ‘இப்போது இயலாது, பிறகு வருக’ என்று பொருள். 5 எனத் தொடங்கினால் முற்றிலும் மறுப்பு.

இந்த 4க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. 5 என்னும் மறுப்பைப் பெற்ற சேவையகம், மடல் சேரவில்லை என்ற அறிவிப்பை விடுநருக்கு உடனே திருப்பி அனுப்புகிறது. 4 என்னும் விடையைப் பெற்றதோ, மடலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இயல்பாக 5 நாள் வரை முயன்ற பின்னரே கைவிடும். அந்த 5 நாளும் விடுநருக்கு ஒன்றும் தெரியாமலே கழியக்கூடும். வணிகத்தில் மறுப்பைவிட இந்த அமைதியே மிகுந்த இழப்பைத் தரவல்லது.

ஆகவே, பழுது பார்ப்பவர் முதலில் செய்யவேண்டியது சேவையகத்தின் பதிவேட்டைப் படிப்பதே. எந்த மடல், எந்த நேரத்தில், எந்தச் சேவையகத்தை அணுகியது, என்ன விடை பெற்றது என்பன அனைத்தும் அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். இயந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அதனால் பெரும்பாலும் தீங்கில்லை, பயனும் இல்லை.

எந்த மடலுக்கும் எந்த விடையுமே வராமல், இணைப்பு நேரம் கடந்துவிட்டது என்ற குறிப்பு மட்டும் நிறைந்திருந்தால் உரையாடல் தொடங்கவே இல்லை என்பது தெளிவு. சேவையகங்கள் தமக்குள் மடல் பரிமாறிக்கொள்ளும் வாயிலின் எண் 25. நச்சுநிரல் புகுந்த கணினிகள் இவ்வாயில் வழியாக வேண்டா அஞ்சல்களைக் கொட்டுவதால், இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பல இதனை அடைத்து வைக்கின்றன. அந்நிலையில் இணைப்பு வழங்குநரின் சேவையகத்தையோ வேறொரு அஞ்சல் சேவையையோ இடைநிலையாகக் கொண்டு, கடவுச்சொல் கேட்கும் 587ஆம் வாயில் வழியாக மடல்களை அனுப்புவதே வழி.

திருப்பூர் நிறுவனத்தின் பதிவேடு வேறொன்றைக் காட்டியது. உள்ளூர் நூல் வணிகர்களுக்குச் சென்ற மடல்கள் 250 என்னும் ஏற்பைப் பெற்றிருந்தன. வெளிநாட்டு மடல்கள் பலவற்றுக்கு 550 என்னும் மறுப்பு. சில மடல் சேர்ந்து, சில சேராதிருக்கும்போது பழுது பெறுநரிடமே என்று எண்ணத் தோன்றும். உண்மையில், எல்லாச் சேவையகங்களும் ஒரே அளவு கண்டிப்புடன் வாயில் காப்பதில்லை. கண்டிப்பு மிகுந்தவை, வந்த மடல் உரியவரிடமிருந்தே வந்ததா என ஆராய்ந்த பின்னரே ஏற்கின்றன.

அவ்வாராய்ச்சிக்குத் துணைநிற்பவை களப்பெயர் அமைப்பில் உள்ள பதிவுகள். ‘இந்நிறுவனத்தின் பெயரால் மடல் விடுக்க உரிமையுள்ள இணைய முகவரிகள் இவை’ என்று அறிவிக்கும் பதிவு எஸ்.பி.எஃப். மடலின் மீது மறைக்குறி முத்திரை இட்டு, அதனைச் சரிபார்க்கும் திறவுகோலைப் பொதுவில் வைப்பது டி.கே.ஐ.எம். இவ்விரண்டும் பொருந்தாத மடலை என்ன செய்வது எனப் பெறுநருக்கு உரைப்பது டிமார்க். இவை தவிர, எண்வடிவ முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ்ப் பதிவும் வேண்டும். கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு மடல் விடுப்போர் அனைவரும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் விடுப்போருக்கு மூன்றும் கட்டாயம்.

நிறுவனத்தில் நிகழ்ந்தது இதுவே. அதற்கு முந்திய வாரம் இணைய இணைப்பு வேறு வழங்குநருக்கு மாற்றப்பட்டது; சேவையகத்தின் இணைய முகவரியும் உடன் மாறியது. மாற்றியவர், வரும் மடல்கள் தடைபடாதிருக்கப் புதிய முகவரியைக் களப்பெயர் அமைப்பில் எழுதினார். போகும் மடல்களுக்கான எஸ்.பி.எஃப். பதிவில் பழைய முகவரியே நின்றுவிட்டது. தலைகீழ்ப் பதிவு அவர் கையில் இல்லை. முகவரிக்கு உரிய இணைப்பு வழங்குநரே அதனை எழுத இயலும் என்பதால் கேட்டுப் பெறவேண்டும். கேட்கவில்லை. வெளிநாட்டுச் சேவையகத்தின் பார்வையில், அந்நிறுவனத்தின் பெயரைப் பூண்டு அயலான் ஒருவன் வந்து நின்றான்.

இதே 550 வேறு காரணத்தாலும் வரலாம். பணியாளர் ஒருவரின் எளிய கடவுச்சொல்லைக் களவாடியவர்கள் அச்சேவையகம் வழியாகவே ஆயிரக்கணக்கில் வேண்டா அஞ்சல்களை விடுத்தால், அதன் முகவரி தடைப்பட்டியல்களில் ஏறிவிடும். அப்போது பெயரை நீக்குமாறு பட்டியல் நடத்துவோரிடம் முதலில் விண்ணப்பிப்பது வீண். கடவுச்சொல்லை மாற்றி, வரிசையில் தேங்கிய குப்பையை அகற்றிய பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். இல்லையெனில் முகவரி மீண்டும் பட்டியலேறும்.

சனிக்கிழமை காலை எஸ்.பி.எஃப். பதிவில் ஒரேயோர் எண் திருத்தப்பட்டது. பழைய பதிவின் படிகள் பிற சேவையகங்களின் நினைவில் சில மணி நேரம் நிலைத்திருக்குமாதலால் மாலை வரை காத்திருந்து, வெவ்வேறு அஞ்சல் சேவைகளில் உள்ள முகவரிகளுக்குச் சோதனை மடல்கள் விடுக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் 250 விடையாக வந்தது. திங்கட்கிழமை மாலையே வந்து சேர்ந்திருந்த மறுப்பு அறிவிப்பு, எழுத்தரின் அஞ்சற்பெட்டியில் நீக்கப்பட்டவற்றுள் கிடந்தது. ஆங்கிலத்தில், அறியாத பெயரில் வந்த அதனை வேண்டா அஞ்சல் எனக் கருதி அவர் படிக்காமலே நீக்கியிருந்தார்.