மோட்டாரின் கண் மங்கினால்

மனிதருக்கு வயதேறினால் முதலில் கண் மங்குகிறது. பழைய மோட்டாருக்கும் அதே கதிதான். எஞ்சின் ஒழுங்காக ஓடும், பிரேக்கும் பிடிக்கும். ஆனால் அந்தி சாய்ந்ததும் முன்விளக்குகள் மின்மினிகளாகிவிடும். உடையவர் புதிய பல்பு வாங்கி மாட்டுவார். பிறகு புதிய பாட்டரியும் வாங்குவார். அப்பொழுதும் வெளிச்சம் வராது. குற்றம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது.

உதாரணமாக மாரிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்வோம். 1948-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1970-களின் தொடக்கம் வரையில் சுமார் 16 லட்சம் வண்டிகள் உற்பத்தியாயின. இங்கிலாந்திலும் இலங்கையிலும் இன்றும் அதைப் போற்றி ஓட்டுவோர் பலர். அதன் மின்சாரக் கருவிகளைச் செய்த லூகாஸ் கம்பெனியை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வது வழக்கம். ஆயினும், ஆராய்ந்து பார்த்தால் பழி பெரும்பாலும் துருவையே சாரும்.

அதன் காரணத்தைச் சொல்லுவோம். வீட்டு விளக்குக்கு மின்சாரம் ஒரு கம்பியில் வந்து மறு கம்பியில் திரும்புகிறது. மோட்டாரிலோ வருவதற்கே கம்பி உண்டு. திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடல். இதையே மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். விளக்குக் கூட்டில் துரு ஏறினால் அவ்வழி அடைபடுகிறது.

பள்ளியில் நாம் கற்பிக்கும் ஓமின் விதி இங்கே உதவும். 12 வோல்ட்டில் எரியும் 48 வாட் பல்பு 4 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதன் தடை 3 ஓம். துரு இன்னும் 1 ஓம் சேர்த்தால், பல்புக்கு ஏறக்குறைய 9 வோல்ட்தான் கிட்டும். கால் பங்குதானே நஷ்டம் என்று எண்ணலாகாது. பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் மூன்று பங்கு போய்விடும். கால் பங்கு குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

பரிசோதிக்கும் முறை எளிது. ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அதன் எர்த்தைப் பார்க்கவேண்டும். எல்லாம் மங்கினால் பாட்டரி முனைகளையும், பாட்டரியை வண்டி உடலோடு சேர்க்கும் பட்டையையும், ஸ்விட்சையும் பார்க்கவேண்டும். திரும்பும் திசை காட்டும் விளக்கோடு பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டினால், மின்சாரம் தன் வழி அடைபட்டு அடுத்த பல்பின் வழியே திரும்புகிறதென்று அறியலாம்.

விளக்கை ஏற்றிவிட்டு, ஒரு கம்பியின் நுனியைப் பாட்டரியின் எர்த் முனையில் இறுக்கி, மறு நுனியால் விளக்கின் உலோகக் கூட்டைத் தொடவேண்டும். உடனே வெளிச்சம் கூடினால் எர்த்தே குற்றவாளி. மாரிஸ் மைனரில் பொதுவாக எர்த் ஆவது பாட்டரியின் பாசிட்டிவ் முனை. இக்கால வண்டிகளில் நெகடிவ் முனை. இதை மறந்து மறு முனையில் கம்பியை மாட்டினால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும். குற்றம் தெரிந்தபின், பாட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் திருகைப் பிரித்து, உலோகம் பளபளக்கும்வரை உப்புக் காகிதத்தால் தேய்த்து இறுக்கி, மேலே சிறிது வாஸலின் தடவினால் போதும்.

இன்னொரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். இவ்வண்டியின் பியூஸ் பெட்டியில் இரண்டே பியூஸ்கள் உண்டு. முன்விளக்குக் கம்பிகள் அவற்றின் காவலில் இல்லை. கம்பியின் மேலுறை இற்று உடலைத் தொட்டால் தீப்பற்றக் கூடும். கருகல் நாற்றம் வந்தால் உடனே வண்டியை நிறுத்திப் பாட்டரியைக் கழற்றவேண்டும். எரிந்த பியூஸின்மீது சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றுவதோ, வாயில் காப்போனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமானம்.

முன்விளக்கின் குறையை ஓட்டுபவர் காண்கிறார். பின்விளக்கும் பிரேக் விளக்கும் அணைந்திருப்பதை அவர் அறியார். பின்னால் வருபவர் அறியும்போது காலம் கடந்துவிடலாம். ஆகையால் மாதம் ஒரு மாலையேனும் வண்டியை வாசலில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள்; வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும்.