டூயல் கிளட்ச் காரா, மேனுவல் காரா? மலைப்பாதைக்கு எது தோது?

'டூயல் கிளட்ச்' என்ற சொல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டரில் அது உண்டு. பெடலைப் பாதி மிதித்தால் டிராக்டர் நிற்கும், பின்னால் பி.டி.ஓ. சுற்றிக்கொண்டே இருக்கும். முழுவதும் மிதித்தால் இரண்டும் நிற்கும். இப்போது அதே சொல் கார் விளம்பரங்களிலும் வருகிறது. பெயர்தான் ஒன்று, வேலை வேறு. ஊட்டி காந்தல் போன்ற ஊரில் இருந்துகொண்டு, குன்னூர் பாதையிலோ கல்லட்டிப் பாதையிலோ அடிக்கடி இறங்கி ஏறும் குடும்பங்கள், கார் வாங்கும் முன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு உலக்கை, ஒரே உரல்

மேனுவல் காரில் ஒரே கிளட்ச். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் காலால் எஞ்சினின் தொடர்பைத் துண்டித்து, கையால் கியரை மாற்றி, மீண்டும் சேர்க்கிறார். அந்த ஒரு நொடியில் இழுவை அறுந்துபோகும். மேட்டில் இது நன்றாகவே தெரியும்.

டூயல் கிளட்ச் காரில் காலுக்குக் கிளட்ச் பெடல் கிடையாது. உள்ளே இரண்டு கிளட்ச் உண்டு. ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகிய கியர்களையும் பார்த்துக்கொள்ளும். ஒரே உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உலக்கை இறங்கும்போதே அடுத்தவர் ஓங்கி நிற்பார். அதுபோல, வண்டி இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் தயாராக நிற்கும். மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடியும், இழுவையும் அறுபடாது.

விலை குறைந்த ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் இருப்பது இது அல்ல, ஏ.எம்.டி. 2014-ல் மாருதி செலேரியோவுடன் இந்தியாவுக்கு வந்தது. அதில் சாதாரண மேனுவல் கியர்பெட்டிதான் இருக்கும்; கிளட்ச் மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஓர் இயந்திரம் செய்யும். வாங்கும்போது, "இது ஏ.எம்.டி.யா, டூயல் கிளட்சா?" என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பந்தயத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

1980-களில் போர்ஷே நிறுவனம் தன் பந்தயக் கார்களில் இந்த முறையைச் சோதித்தது. விற்பனைக் காரில் 2003-ல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கொண்டுவந்தது. வேகக் கார்களில் இது பரவ ஒரு முக்கியக் காரணம், மனிதக் கை காலைவிட விரைவாகக் கியர் மாற்றுவதுதான். 2013-ல் வந்த போர்ஷே 911 ஜி.டி.3 காரில் மேனுவலே இல்லை. ஆனால் கையால் கியர் போட்டு ஓட்டும் சுகத்தை விரும்பியவர்களுக்காக 2017-ல் மீண்டும் மேனுவலைக் கொடுத்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன் காரில், 120 பி.எஸ். சக்தியுள்ள 1 லிட்டர் டர்போ எஞ்சின். 2021-ல் அது கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி., 7 கியர் டூயல் கிளட்ச் என இரு வகையில் வந்தது. 2023-ல் ஐ.எம்.டி.யை எடுத்துவிட்டு, பெடலுள்ள 6 கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். 2024-ல் வந்த டாடா அல்ட்ராஸ் ரேஸர் மேனுவலில் மட்டுமே வந்தது.

ஏற்றத்தில்

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் சமவெளியில் தரும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அந்த நிலையில் கியர் மாற்றும்போது இழுவை அறுபடாமல் இருப்பது டூயல் கிளட்சுக்குப் பலம். மற்றொரு பக்கம், கொண்டை ஊசி வளைவு வருவது ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும், காரின் கணினிக்குத் தெரியாது. மேனுவல் ஓட்டுபவர் வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுவார். டூயல் கிளட்ச் காரில் அதைச் செய்ய, லீவரை மேனுவல் நிலைக்குத் தள்ளி நாமே கியரைக் குறைக்க வேண்டும்.

சீசன் நாட்களில் குன்னூர் பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும். அப்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே காரை மேட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது. கிளட்ச் சூடாகும். எண்ணெயில் முழுகாத உலர் வகை கிளட்ச் இன்னும் விரைவில் சூடாகும். பிரேக்கைப் பிடித்து நிறுத்துவதே சரி.

இறக்கத்தில்தான் உயிர்

காயும் வண்டியுமாக 3 டன் எடையுள்ள ஒரு பிக்கப் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 1,900 மீட்டர் இறக்கம். இதில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 5 எச்.பி. பம்ப்செட் நான்கு மணி நேரம் ஓடும் ஆற்றல் அது. அதில் பெரும்பகுதியை பிரேக் மட்டுமே தாங்கினால், பிரேக் கொதித்துப் பிடிப்பு விட்டுவிடும். கியரைக் குறைத்தால் எஞ்சினும் சுமையில் பங்கு எடுத்துக்கொள்ளும். "ஏறின கியரிலேயே இறங்கு" என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொன்னது இதற்குத்தான். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் இதை மறந்தவர்கள் விபத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள்.

டூயல் கிளட்ச் காரை 'டி'-யில் விட்டு இறங்கினால், எரிபொருளை மிச்சப்படுத்த அது மேல் கியருக்குப் போகப் பார்க்கும். கார் கட்டின்றி ஓடும். இறக்கம் தொடங்கும் முன்பே மேனுவல் நிலைக்கு மாற்றி, இரண்டு அல்லது மூன்றாம் கியரில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியானாலும் நியூட்ரலில் இறக்கவே கூடாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த ஆயில் விரைவில் கொதிக்கும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

*பனிக்காலக் காலையில் பேட்டரி இறங்கிவிட்டால், தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?*
மேனுவல் காரைச் செய்யலாம். டூயல் கிளட்ச் காரைச் செய்ய முடியாது. அதைக் கட்டி இழுப்பதும் தவறு. எஞ்சின் சுழற்றும் சக்கரங்களைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

*பழைய டூயல் கிளட்ச் கார் மலிவாக வருகிறது. வாங்கலாமா?*
மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். உதறல் இருந்தால் வேண்டாம். மேனுவல் கிளட்ச் பிளேட்டை உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். இதற்குத் தனிக் கருவியும் கணினியும் வேண்டும், செலவும் பல மடங்கு.

*அப்படியானால் மலைக்கு எது நல்லது?*
லோடு ஏற்றவும், குறைந்த செலவில் நீண்ட நாள் உழைக்கவும் மேனுவல். முழங்கால் வலி உள்ளவருக்கும், நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கும் டூயல் கிளட்ச் உதவும். ஆனால் இறக்கத்தில் கியரைக் குறைத்துப் பிடிக்கத் தெரிந்த பிறகே அதன் சாவியை வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.