உடம்பே ஆன்டெனா

உலோகச் சட்டம் போட்ட ஸ்மார்ட்போன் கையில் இருந்தால் அதன் விளிம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மேலே ஒன்றிரண்டு, கீழே ஒன்றிரண்டு, பக்கவாட்டில் சில என மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் சட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். சட்டத்தின் நிறத்துக்கே சாயம் ஏற்றி அவற்றை மறைக்கத் தயாரிப்பாளர்கள் படாத பாடு படுகிறார்கள். அழகுக்காகப் போட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அழகுக்கு அவை இடைஞ்சல். ஆனால் அந்தக் கோடுகள் இல்லாவிட்டால் போன் டவரோடு பேசாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் இருக்கும் உலோகத் துண்டுகள்தான் ஆன்டெனா.

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றபடி மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் உலகின் முதல் கைபேசி அழைப்பைச் செய்தார். அவர் கையில் இருந்த கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் மேல். அதன் தலையில் ஒரு நீளக் குச்சி. பத்து ஆண்டு கழித்து விற்பனைக்கு அனுமதி பெற்ற டைனாடாக் போனிலும் அந்தக் குச்சி அப்படியே இருந்தது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்து இந்தியாவின் கைபேசிக் கணக்கைத் தொடங்கி வைத்த காலத்திலும் செல்போன் என்றால் மூலையில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அழைப்பு வந்தால் சிவப்பும் நீலமுமாக மினுக்கும் குமிழ்களைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. 1999-ல் வந்த நோக்கியா 3210 அந்தக் குமிழை உள்ளே தள்ளியது. வெளியே ஆன்டெனா இல்லாத போன்கள் அதற்கு முன்பும் வந்திருந்தன. சாமானியர் கைக்கு அதைக் கொண்டுசேர்த்தது 3210.

உள்ளே தள்ளுவது அவ்வளவு சுலபமா? ஆன்டெனாவின் நீளத்தை முடிவு செய்வது போன் கம்பெனி அல்ல, அலை. எண்பதுகளில் மொட்டைமாடியில் இலங்கையின் ரூபவாஹினி டி.வி.யைப் பிடிக்க ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்கு, அதன் குச்சிகள் வெவ்வேறு நீளத்தில் இருந்தது நினைவிருக்கும். ஓர் உலோகக் குச்சி, தான் பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் பாதியாகவோ கால் பங்காகவோ இருந்தால்தான் அலையோடு நன்றாக ஒத்து அதிரும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். கால் பங்கு என்றால் எட்டேகால். 700 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் பங்கே பத்தரை சென்டிமீட்டரைத் தாண்டும். இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் இரண்டு சென்டிமீட்டர் போதும். கிராமத்துக்கும் வீட்டுச் சுவருக்குள்ளும் எட்டிப் போவது குறைந்த அலைவரிசைதான். அதற்குத்தான் போனில் இடமில்லை.

சுருட்டி மடக்கி வைத்தால் ஆகாதா? ஓரளவு ஆகும். கால் அலைக் குச்சியைப் படுக்க வைத்து, ஒரு முனையைத் தரையிணைப்போடு சேர்த்து, ஆங்கில எஃப் எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி செய்த தகடுதான் பழைய நோக்கியாக்களின் முதுகுக்குள் இருந்தது. ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. ஹெரால்ட் வீலர் 1947-லும் லான் ஜென் சூ 1948-லும் கணக்குப் போட்டுச் சொன்னது இது: அலைநீளத்தோடு ஒப்பிட ஆன்டெனா சிறுக்கச் சிறுக்க, ஒன்று அது பிடிக்கும் அலைவரிசையின் அகலம் குறுகும், அல்லது கொடுத்த மின்சக்தி சூடாக வீணாகும். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தக் கணக்கை யாரும் ஏமாற்றவில்லை. ‘சிக்னலைக் கூட்டும்’ என்று ஒரு காலத்தில் பேட்டரிக்கு அடியில் ஒட்டச் சொல்லி விற்ற தங்கநிற ஸ்டிக்கர்கள் ஏமாற்றியது வாங்கியவர்களை மட்டும்தான்.

பிளாஸ்டிக் உடம்பு இருந்தவரை பொறியாளர்கள் சமாளித்தார்கள். அதில் ஒரு தொழில்நுட்பம் ரசிக்கத் தக்கது. ஜெர்மனியின் எல்.பி.கே.எஃப் நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. பிளாஸ்டிக்கோடு ஓர் உலோகச் சேர்மத்தைக் கலந்து பாகத்தை வார்க்கிறார்கள். லேசர் பட்ட இடத்தில் மட்டும் சேர்மம் உடைந்து உலோகத் துகள் தலைகாட்டும். பிறகு முலாம் குளியலில் முக்கினால் லேசர் வரைந்த கோலத்தில் மட்டும் செம்பு படியும். அதன்மேல் நிக்கல், சில இடங்களில் தங்கம். வளைவு, மூலை, ஸ்பீக்கர் பெட்டியின் முதுகு என எங்கே கையளவு இடம் கிடைத்தாலும் அங்கே ஆன்டெனாவை வரைந்துவிடலாம். பழுதுபார்க்கப் பிரித்துப் போட்ட போனில் கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் வளைந்து வளைந்து ஓடும் பளபளப்பான பட்டைகளைப் பார்த்திருந்தால், நீங்கள் பார்த்தது அதுதான்.

பிறகு உலோக மோகம் வந்தது. உலோகப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்தால் அலை வெளியே வராது. பெட்டியையே ஆன்டெனா ஆக்கினால்? 2010 ஜூன் 24 அன்று விற்பனைக்கு வந்த ஐபோன் 4 அதைத்தான் செய்தது. முன்னும் பின்னும் கண்ணாடி, சுற்றி எஃகுப் பட்டை. பட்டையின் ஒரு பகுதி வைஃபை, புளூடூத், ஜி.பி.எஸ்ஸுக்கு, மற்றது டவருக்கு. இரண்டையும் பிரிக்கும் இடைவெளிகளில் ஒன்று இடதுபக்கக் கீழ் ஓரத்தில் இருந்தது. இடது கையில் போனைப் பிடித்தால் உள்ளங்கையின் சதை சரியாக அங்கேதான் உட்காரும். ஈரமும் உப்பும் நிறைந்த மனிதத் தோல் அந்த இடைவெளியில் பாலம் போட்டது. இரண்டு ஆன்டெனாவும் ஒன்றாகி, ஒத்ததிர வேண்டிய அலைவரிசை தடம் மாறியது.

ஆனந்த்டெக் இணையதளம் அளந்து பார்த்தது. சாதாரணமாகப் பிடித்தாலே கிட்டத்தட்ட 20 டெசிபெல் இறங்குகிறது. டெசிபெல் கணக்கு பழகாதவர்களுக்கு: அது நூறில் ஒரு பங்காகச் சுருங்குவது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஜூலை 12 அன்று இந்தப் போனைப் பரிந்துரைக்க முடியாது என்று கைவிரித்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிப் பாருங்கள் என்று யோசனை வேறு சொன்னது. அதற்கு முன்பே, புகார் எழுதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு, அப்படிப் பிடிப்பதைத் தவிர்க்கும்படி ஸ்டீவ் ஜாப்ஸ் பதில் போட்டிருந்தார். ஜூலை 16 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி பிளாக்பெர்ரி, எச்.டி.சி, சாம்சங் போன்களையும் இறுக்கிப் பிடித்துக் காட்டினார். அவற்றிலும் சிக்னல் கோடுகள் சரிந்தன. கடைசியில் எல்லோருக்கும் இலவச ரப்பர் உறை. 2012-ல் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கும் சமரசமாகி, கேட்டவர்களுக்கு 15 டாலர் அல்லது ஓர் உறை என்று முடிந்தது.

இயற்பியலில் ஜாப்ஸ் சொன்னது சரி. கை பட்டால் எந்தப் போனுக்கும் சிக்னல் குறையும். ஆனால் மனிதர்கள் இயல்பாகப் பிடிக்கும் இடத்தில் போய் இடைவெளியை வைத்துவிட்டு, பிடிப்பவரைக் குறை சொன்னது வாதமே இல்லை. இதே சண்டையில் இன்னொன்றும் வெளியே வந்தது. போனில் காட்டும் சிக்னல் கோடுகளுக்கு ஆப்பிள் பயன்படுத்திய கணக்கு தவறு. பல நேரம் இரண்டு கோடுகளைக் கூடுதலாகக் காட்டியது என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தக் கோடுகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இன்றும் கிடையாது. ஒரு போனில் நாலு கோடு, பக்கத்துப் போனில் இரண்டு கோடு என்று ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பொருளில்லை.

சட்டத்தையே ஆன்டெனா ஆக்கும் யோசனை மட்டும் சாகவில்லை. அடுத்த ஆண்டே ஐபோன் 4எஸ், மேல் ஆன்டெனாவுக்கும் கீழ் ஆன்டெனாவுக்கும் தானாக மாறிக்கொள்ளும்படி வந்தது. ஒன்றைக் கை மூடினால் மற்றது பேசும். 2013-ல் எச்.டி.சி ஒன், 2014-ல் ஐபோன் 6 எனப் பின்புறமும் அலுமினியமாக ஆனபோது, முதுகின் குறுக்கே பிளாஸ்டிக் கோடு போட வேண்டி வந்தது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிய முடியாதபடி ஒட்டும் வித்தை ஜப்பானின் தாய்செய் பிளாஸ் நிறுவனத்துடையது: அலுமினியத்தை ரசாயனத்தில் ஊறவைத்து மேற்பரப்பில் நானோமீட்டர் அளவில் குழிகளை உண்டாக்கி, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்துகிறார்கள். குழிக்குள் இறங்கி அது இறுகிவிடும். பசையும் வேண்டாம், திருகும் வேண்டாம்.

பெரும்பாலோர் அறியாத ஒன்று இருக்கிறது. குறைந்த அலைவரிசைகளில் அந்த உலோகத் துண்டு மட்டும் தனியாக அலையை வீசுவதில்லை. அது போனின் உள்ளே இருக்கும் தரைத்தளத்தை, அதாவது போர்டும் திரைக்குப் பின்னிருக்கும் தகடும் சேர்ந்த மொத்த உலோக உடம்பை, உசுப்பிவிடுகிறது. பதினைந்து சென்டிமீட்டர் உடம்பு முழுக்க மின்னோட்டம் ஓடி, அலையின் பெரும்பங்கு அதிலிருந்துதான் கிளம்புகிறது. போன் குட்டையானால் குறைந்த அலைவரிசையில் தடுமாறுவதற்கும், மடிக்கும் போன்களை வடிவமைப்பவர்கள் மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் தனித்தனியாகத் தலையை உடைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். மடித்ததும் உடம்பின் நீளம் பாதியாகிறது. போதாக்குறைக்கு இரண்டு பாதிகளும் ஒன்றின் மேல் ஒன்று படுத்து இடையூறு செய்கின்றன.

உலகம் முழுக்க விற்கும் போன் 600 மெகாஹெர்ட்ஸிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸ் வரை பல பத்து அலைவரிசைகளைப் பிடிக்க வேண்டும். சூ போட்ட கணக்குப்படி ஒரு சின்ன ஆன்டெனா அத்தனையையும் ஒரே நேரத்தில் விழுங்க முடியாது. அதனால் சட்டத்தின் துண்டோடு மிளகளவுகூட இல்லாத மின்னணு ஸ்விட்சுகளை இணைத்திருக்கிறார்கள். எந்த அலைவரிசை வேண்டுமோ அதற்கேற்ற மின்தேக்கியையோ சுருளையோ ஸ்விட்ச் கோத்துவிடும். வீணையில் மெட்டை மாற்றி மாற்றி விரல் வைத்தால் அதே தந்தி வேறு சுரம் பேசுவதுபோல, உலோகத்தின் நீளம் மாறாமலே அதன் மின் நீளம் மாறுகிறது. நீங்கள் பேசிக்கொண்டே நடக்கும்போது இது ஓசையில்லாமல் நடந்துகொண்டே இருக்கும்.

டவருக்கே நான்கு முதல் ஆறு ஆன்டெனா; வைஃபைக்கு இரண்டு, புளூடூத் அவற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெலிந்த ஜி.பி.எஸ் அலைக்கு வானம் பார்த்த மேல் விளிம்பில் இடம். தட்டிப் பணம் செலுத்தும் என்.எஃப்.சி-யின் அலைநீளம் 22 மீட்டர். அதற்குப் போனுக்குள் யாரும் ஆன்டெனா கட்ட முடியாது, ஆகவே ஒரு செம்புச் சுருளைப் பின்னால் ஒட்டி, சில சென்டிமீட்டர் தூரத்துக்குக் காந்தப் புலத்தாலேயே காரியத்தை முடிக்கிறார்கள். எஃப்.எம். ரேடியோவின் கதை வேறு. மூன்று மீட்டர் அலைக்கு முக்கால் மீட்டர் கம்பி வேண்டும்; இயர்போன் வயர் அதைத் தந்தது. வயர் செருகினால்தான் ரேடியோ பாடியதன் ரகசியம் இதுதான். இயர்போன் துளையை எடுத்தார்கள், ரேடியோவும் போயிற்று. 2023-ல் மத்திய அரசு எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டி வந்தது. வெள்ளத்தில் டவர்கள் சாய்ந்தாலும் ரேடியோ பேசும் என்பதைப் புயல் அடிக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், மெலிந்த போனுக்குக் கொடுத்த விலைகளில் நியாயமே இல்லாதது இது.

அலை ஒரு சென்டிமீட்டருக்குச் சுருங்கும் 28 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இடப் பிரச்சினை தீர்ந்து வேறு பிரச்சினை முளைக்கிறது: விரல் மறைத்தாலே அலை நின்றுவிடும். அரிசி மணியளவு ஆன்டெனாக்களை வரிசையாக அடுக்கி, அலையை ஒரு திசையில் குவித்து வீசுகிறார்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 12-ன் வலதுபக்க விளிம்பில் நீள்வட்டமாக ஒரு ஜன்னல் இருக்கும். இங்கே விற்றதில் இருக்காது. அந்த ஜன்னல் இதற்காகத்தான். இந்த மில்லிமீட்டர் அலைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கொல்கத்தாவில் உண்டாக்கி, கொம்பு வடிவ ஆன்டெனாவில் வீசி, 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விளக்கியவர் ஜகதீஷ் சந்திர போஸ்.

தலைக்கு அருகில் அதிகம் வீசக் கூடாது என்பதால் முக்கிய ஆன்டெனாவைப் போனின் கீழ்ப்பக்கம் வைப்பது வழக்கமாயிற்று. அதனால்தான் கையோடு இத்தனை தகராறு. உடம்பு உறிஞ்சும் அலையாற்றலுக்கு இந்தியாவில் வரம்பு, ஒரு கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட். உங்கள் போனின் அளவைப் பார்க்க *#07# அழுத்துங்கள். சோதனைக்கு, திரவம் நிரப்பிய பொம்மைத் தலையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அளவு, 1980-களில் அமெரிக்க ராணுவத்தினரிடம் எடுத்த கணக்கில் பெரிய ஆண் தலை. உடம்பு அருகில் இருப்பதை உணர்ந்து வீச்சைக் குறைக்கும் சென்சாரும் போனில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தியது அளவு மீறலுக்காக: கையில் பிடித்த நிலைக்கு வரம்பு 4 வாட், அளந்ததோ 5.74. ஆப்பிள் மென்பொருளைத் திருத்திய பிறகு விற்பனைக்கு வழி பிறந்தது.

கேமராவுக்கு மெகாபிக்சல் கேட்கிறோம், பேட்டரிக்கு எம்.ஏ.எச் கேட்கிறோம். ஆன்டெனாவைப் பற்றிக் கடையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை, பெட்டியிலும் அச்சிடுவதில்லை. ஆனால் சிக்னல் அளவைப் பார்க்க வழி உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற எண்ணாகத் தெரியும். கழித்தல் குறியோடு வரும். 4ஜி-யில் மைனஸ் 85 என்றால் நன்று, மைனஸ் 110-க்குக் கீழே போனால் திண்டாட்டம். உலோகத் தகடு வைத்த கவர் போட்டிருந்தால் கழற்றிவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள். திரையோ பின்கண்ணாடியோ மாற்றக் கொடுக்கும்போது இது இன்னும் முக்கியம். உள்ளே கீழ்ப் போர்டையும் மேல் போர்டையும் இணைக்கும் நூல் போன்ற ஆன்டெனா வயரைச் செருக மறந்தாலும், சட்டத்தைத் தொட வேண்டிய சின்ன ஸ்பிரிங் வளைந்துபோனாலும் போன் இயங்கும், படம் ஓடும், சிக்னல் மட்டும் செத்திருக்கும். கொடுக்கும் முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் கடை வாசலிலேயே சரிபார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.