சிறு செய்திகளின் பயன்

கனடாவின் டொரன்டோ நகரில் வாழும் என் தமக்கைக்கு வாரந்தோறும் மின்னஞ்சல் எழுதுகிறேன். அங்கு நேரம் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணியும், குளிர்காலத்தில் பத்தரை மணியும் பின்தங்கியது. நாங்கள் ஓய்ந்து அமரும் இரவில் அவர் பணியில் இருப்பார். அதனால் தொலைபேசிப் பேச்சு நலம் விசாரிப்போடு முடிந்துவிடுகிறது.

திருமணமும் மரணமும் எவர் வழியாகவும் எட்டிவிடும். அம்மா மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டதும், அலுவலகத்தில் எனக்குப் பணிச்சுமை கூடியதும், அறுப்பின் பண்டிகையன்று தேவாலய ஏலத்தில் எங்கள் வீட்டுப் பூசணிக்காய் விலைபோனதும் நாம் சொன்னால்தான் தெரியும். இவற்றை அறியாதவர் ஊர் திரும்பும்போது விருந்தாளியாகிவிடுகிறார். பெற்றோரின் முதுமை அவரை அதிரவைக்கிறது. அம்மாவின் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் நாளில் தமக்கையின் சொல் பயன்பட வேண்டுமெனில், அதற்கு முந்தைய சாதாரண நாள்களும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.